முக்கால்

வைவாவின் எடை எண்பத்து நான்கு கிலோ.
அதில் கால் பங்கு இருபத்தொன்று.
குளியலறைத் தராசின் மேல் வலது பாதத்தை வைத்து
முள் இருபத்தொன்றைத் தொடும்வரை அழுத்த வேண்டும்,
மேலே ஒரு கிராம் கூடாது என்றார் ரொகாஸ்.
கால் பங்கைக் காலில் வை.
அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
முள்ளைப் பார்த்துச் சொல்வது நான்.
பத்தொன்பது. இருபது. போதும்.

இந்த வேலைக்கு என்னை யாரும் வைக்கவில்லை.
வலது கால், அவளால் கார் ஓட்ட முடியாது.
எனக்குப் போன கோடையில்தான் உரிமம் கிடைத்தது.
செவ்வாயும் வெள்ளியும்
உதேனாவிலிருந்து கவுனாஸுக்கு ஒன்றே முக்கால் மணி,
உப்பு தூவிய சாலை.
பின் இருக்கையில் ஊன்றுகோல்கள் இரண்டும்
வளைவுதோறும் முட்டிக்கொள்ளும்.
பெட்ரோல் நிலையத்துக் காசாளர்கூட
அவள் பாதத்தைத்தான் முதலில் பார்ப்பார்,
அப்புறம் என்னை.
அவள் இடத்தில் இப்போது ஆடுவது நான்.
அதைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

பாதத்தின் நடுவே படகெலும்பு என்று ஒன்று இருக்கிறதாம்.
மருத்துவர் தன் உள்ளங்கையில் பேனாவால் வரைந்து காட்டினார்,
ஆமாம், படகு மாதிரிதான்.
அக்டோபரில், ஒரு சாதாரணப் பயிற்சியில்,
யாரும் இடிக்காமல்,
எம்பி இறங்கிய நொடியில் அது இரண்டாகப் பிளந்தது.
சத்தம் எனக்குக் கேட்டது. கிளை முறிகிறது என்று நினைத்தேன்.
உள்ளரங்கில் ஏது கிளை.

இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பைச் சுரண்டி
விரிசலில் அடைத்து
இரண்டு திருகாணி முடுக்கியிருக்கிறார்கள்.
"மாடியிலிருந்து கீழ்வீட்டுக்குக் குடிவந்திருக்கான்,
அக்கம்பக்கம் சேர்த்துக்கணுமே" என்பாள்.

பிப்ரவரி ஸ்கேனில் ஒரு சாம்பல் கோடு.
பழைய விரிசலா, புது எலும்பா?
மருத்துவர் படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார்,
மறுபடி பெரிதாக்கினார்.
"பார்க்கலாம்."
பார்த்துக்கொண்டே பார்க்கலாம் என்கிறாரே என்று
தாழ்வாரத்தில் சிரிக்கத் தொடங்கினாள்.
முடிக்கவில்லை.

ஏப்ரலில் ஆடியே தீருவேன் என்று
ஒற்றைக்காலில் நிற்கிறாள்.
வேறு எப்படி நிற்பாள்.
ஊன்றுகோல் இரண்டு, இடது கால் ஒன்று,
முக்காலில் வாகன நிறுத்தத்தின் பனியைக் கடக்கிறாள்.
செப்டம்பரில் வாங்கிய ஜோடியில்
இடது ஷூ மட்டும் அடி தேய்ந்துவிட்டது.
வலதுக்குள் இன்னும்
கடைக்காரர் திணித்த காகிதம்.

சனிக்கிழமை ஆட்டம். கடைசிக் காலில் மட்டும்
எனக்குப் பதினோரு புள்ளி.
இருக்கை வரிசையின் ஓரத்தில், நாற்காலியில் காலை நீட்டி,
ஊன்றுகோலால் தரையைத் தட்டி ஆர்ப்பரித்தாள்.
யார் சத்தத்தையும்விட அது உரக்கக் கேட்டது.
இரவு தூக்கம் வரவில்லை. அந்தச் சாம்பல் கோடு.
அது அப்படியே இருந்துவிட்டால் என்று
ஒரு நினைப்பு வந்தது.
வந்ததை எழுதிவைக்கிறேன், அவ்வளவுதான்.

இன்று முக்கால் பங்கு. அறுபத்து மூன்று.
ரொகாஸ் தொலைபேசி பேசப் போயிருந்தார்.
அவள் ஜன்னலைப் பார்த்தபடி அழுத்தினாள்.
அறுபது. அறுபத்தொன்று.
அறுபத்து மூன்று கடந்தது. அறுபத்தாறு.
அறுபத்தெட்டு.
என் வாய் மூடியிருந்தது,
ஒரு மூச்சு நேரம்.
போதும், என்றேன்.

"லேட்டாச் சொன்ன" என்றாள் காரில்.
"வலிச்சுதா?"
"ஒண்ணுமே தெரியல. அதான் பயமா இருக்கு."

வழியில் ஓர் ஏரி. நிறுத்தச் சொன்னாள்.
மார்ச் மாதத்துப் பனிப்பலகை, ஓரமெல்லாம் கறுத்துக் கசிகிறது.
நடுவில் துளை போட்டு, பெட்டிமேல் உட்கார்ந்து
மீன் பிடிக்கிறார் பருத்த ஒரு மனிதர்.
கண்ணாடியை இறக்கினாள். குளிர் ஏறி உட்கார்ந்தது.
"தாங்குமா?"
நான் சொல்லவில்லை.
அவர் எழுந்தார், தடித்த காலணியால்
இரண்டு முறை ஓங்கி மிதித்தார்,
குளிருக்குத்தான்,
மறுபடி உட்கார்ந்தார்.