ஆறாவது தாள்

உத்தரவில் மலையாளத்தில் இருந்தது: குளவாழை.
எங்கள் வாயில் அது ஆகாயத்தாமரை.
வேலந்தாவளம் தாண்டி, பனைமேட்டுக்குக் கீழே,
தொழிலுறப்புக் கணக்கில் எண் மட்டுமே உள்ள ஏரி.
பதினொரு பேர், இரண்டு நாள்
வாரி வாரிக் கரையில் குவித்தோம்.

மூன்றாம் நாள் காலை
வாடிய குவியலின் அடியில்
ஒரு நீலம் விழித்திருந்தது.
ஆகாயத்தாமரையின் நீலம் பலமுறை அலசியது.
இது, சொட்டு நீலம் கலக்காமல்
அப்படியே துணியில் விழுந்த இடம்.

மேலிதழில் மஞ்சள் கண்ணைத் தேடினேன், இல்லை.
காம்பில் ஊதிய குமிழைத் தேடினேன், இல்லை.
இலை ஈட்டிமுனை, அடியில் இரண்டு காது.
மிதக்கிற மயிர்வேர் கிடையாது;
சேறு ஒட்டிய, விரல் தடிமனில் ஒரு கிழங்கு.
ஐந்து தாள் எழுதி
ஆறாவதை எழுதாமல் விட்ட தாவரவியல்
நகக்கண்ணுக்குத் திரும்பி வந்தது.
பூவைப் பிளந்தேன்.
ஆறு மகரந்தத்தாள். ஐந்து குட்டை, மஞ்சள்.
ஒன்று மட்டும் பெரியது, நீலம்,
அதன் காம்பில் பக்கவாட்டாக ஒரு பல்.

ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன மேட்டு, பூரானா?" என்றாள் சவரியாயி.
கருங்குவளை, என்றேன். இல்லாவிட்டால் அதன் அக்கா.
இந்த மண்ணுது. ஒரே கிழங்கு வருஷா வருஷம் முளைக்கும்.
"இதா?
ஏரி வெடிச்சுக் கிடந்தப்ப பசங்க ஸ்டம்பு நட்டாங்களே,
அந்த இடம். மழை விழுந்து எட்டாம் நாள்
மொதல்ல எட்டிப் பாத்தது இதுதான்.
பேரெல்லாம் தெரியாது. பன்னிக்குப் போடுவோம்."

நான் பூவைக் கிழித்துக் கண்டதை
அவள் ஒரு கோடை முழுக்கப் பார்த்திருக்கிறாள்.

குவியலை அளந்துதான் கூலி,
குறைந்தால் யார் தருவார் என்றாள் லீதியாள்.
தப்பில்லை. வியாழக்கிழமை
மகளுக்கு அவள் ஃபீஸ் கட்ட வேண்டும்.
யாரும் பேசவில்லை. வெயில் ஏறியது.
ஓவர்சியர் பிரதீஷ் வந்தார்,
நீளம், அகலம், உயரம் எழுதினார்,
பைக்கை உதைத்துக்கொண்டு போனார்.

அதன்பின் குவியலைப் புரட்டினோம்.
நாற்பத்தேழு கிழங்கு. பாதி வெந்துபோயிருந்தது.
ஒவ்வொன்றாய்ச் சேற்றில் செருகி
குதிகாலால் அமுக்கினோம்,
அதிகம் அமுக்கியது லீதியாள்தான்.
இரண்டு மணி வருகைப் படத்தில்
பதினொரு பேரும் தண்ணீருக்குள் நிற்கிறோம்.
என்ன வேலை என்று அது கேட்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
அகற்றியது, குளவாழை.
கையெழுத்து என்னுடையது.

"பொழைக்குமா?" என்றாள் லீதியாள், காலைக் கழுவிக்கொண்டே.
பூ முடிந்தால் தண்டு வளைந்து
நீரைப் பார்த்துக் குனியும்,
காய் அங்கேதான் முற்றும்.
புத்தகத்தில் படித்தது அவ்வளவுதான்.
மீதிக்கு
சவரியாயியைப் பார்த்தேன்.
அவள் வானத்தைப் பார்த்துவிட்டு
எட்டு விரல் மடக்கினாள்.