ஐந்து சொடுக்கு

வால்பரைசோ, மூன்றாவது மாடி, காலை பதினொன்று.
முக்காலி அசையாமல் ஐந்து முறை சொடுக்கினேன்.

முதல் படத்தில் துறைமுகம் மட்டும்:
கப்பல், பளுதூக்கி, ஒரு கடற்பறவை.
அறை கரித்துண்டு.

ஐந்தாவதில் கட்டிலடிச் செருப்புவரை தெரிகிறது;
சன்னல் நீற்றிய சுண்ணாம்பு.

யாரும் குறுக்கே வரக்கூடாதென்று
தரகர் படித்துப் படித்துச் சொல்லியும்
நடுவில் எங்கோ
வீட்டுக்காரர் எலியோதோரோ
மாத்திரை எடுக்கப் போய்விட்டார்.

இரவில் அடுக்கின்மேல் அடுக்கு வைத்தேன்.
கடல் முதலாவதிலிருந்து.
தரை நான்காவதிலிருந்து.
சுவருக்கு, கூரையில் பட்டுத் திரும்பிய ஃபிளாஷ்.
ஈரக்கறை தானாகவே போயிற்று,
நான் அழிக்கவில்லை,
அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.

அவர் மட்டும் போகவில்லை.
முதுகு வழியே மேசை தெரிய,
முழங்கைக்குக் கீழே கையில்லாமல்,
மாத்திரையை எட்டாமலே நின்றார்.

தூரிகையைப் பெரிதாக்கி
ஒரே இழுப்பு.
வாடகை கட்ட வேண்டும் எனக்கும்.

வீடு வாங்க நினைப்பவர்
நாளை நான்கு மணிக்கு வருவார்,
கடலைப் பார்த்துத் திரும்பினால்
அறை ஒரு கணம் இருண்டுபோகும்
வெறும் இரண்டு கண்களோடு.

கதவைத் திறக்கப்போவது
எலியோதோரோ,
முழுசாக.