காய்ச்சல் லீவு

மறுகால் ஓய்ந்து ஒன்பது நாள்.
லைன்மேன் தளவாய்க்குக் காய்ச்சலாம்,
ஆபீஸில் எழுதியிருப்பார்கள்.
நான் மானூர்க் குளத்தில்
முழங்கால் சகதியில் நிற்கிறேன்,
முள்ளில் மாட்டிய தவளையோடு.

குத்தகைக்காரர் கொம்பையா
கரைமேல் பைக்கை நிறுத்திக் கத்தினார்:
"ஏலே, எவம்ல அது?"
கத்தின வாயோடு இறங்கி வந்து
"என்ன இரை போட்டிருக்க?"

அல்லி இலை விலகின இடத்தில்
தண்ணீர் சிவப்பாய்க் கொதிக்கிறது.
குஞ்சுகள். ஆயிரம் இருக்கும்.
அடியில் எங்கோ
பட்டை பட்டையாய்த் தாய் வரால்.
இப்போது தவளை விழுந்தால்
பசிக்காமலே கடிக்கும்.
ரெண்டு பேருக்கும் தெரியும்.

கொம்பையா பீடி பற்றவைத்தார்.
நான் நரம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்,
வீசவில்லை.

செல்போன் அடித்தது. சொர்ணம்தான்.
"புளி ஊறப்போட்டாச்சு,
எத்தனை மணிக்கு வாறிய?"