இரண்டு நிமிடம், பதின்மூன்று செக்கன்

முதலாம் கணக்கில் ஒரு பஸ்
ஓய்விலிருந்து புறப்பட்டு
சீரான ஆர்முடுகலுடன் நேர்ப்பாதையில் போகிறது.
எந்த ஊரில் என்று போடவில்லை.
போகவந்தலாவை பஸ் புறப்பட்டால்
இருபது மீற்றரில் வளைவு.
அதற்குள் யாரோ கை காட்ட நிற்கும்,
கோவா மூட்டை ஏறும்,
கொண்டக்டர் இரண்டு தட்டுத் தட்ட
மறுபடியும் ஓய்விலிருந்து.
ஆனாலும் விடை வந்தது: எட்டு செக்கன்.
புத்தகத்தின் பின்பக்கமும் எட்டு.
நம்பாமல்தான் சரி போட்டேன்.

இரண்டாவதில் கல் விழுகிறது. வளித்தடை புறக்கணிக்க.
மூன்றாவதில் பெட்டி வழுக்குகிறது. உராய்வு புறக்கணிக்க.
மழை மாதத்தில் எங்கள் லயத்துப் படியில்
மூன்றாவதை ஒருமுறை
முழங்காலால் செய்து பார்த்திருக்கிறேன்.

நான்காவது:
ஒருவர் சுமையுடன் படியேறுகிறார். செய்யப்பட்ட வேலை யாது?
எவ்வளவு சுமை? எத்தனை படி?
டிலுக்சனாவுக்கு மெசேஜ் போட்டேன்.
"அச்சுப் பிழ, விடு" என்று வந்தது.

விடவில்லை.
தரவு அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தது.

அம்மா நாற்பத்து மூன்று கிலோ, கிளினிக் கொப்பியில் இருக்கிறது.
பன்னிரண்டாம் நம்பர் மலையிலிருந்து மடுவத்துக்கு
முந்நூறு படி, படிக்கு இருபது சென்ரிமீற்றர்,
போன தவணை அடிமட்டம் வைத்து அளந்தது.
கொழுந்து எத்தனை என்று கேட்டேன்.
"இருவது. ஈரம்னு ரெண்ட கழிச்சி
பதினெட்டுனு எழுதுனாரு."

எதைப் போடுவது?
துண்டில் பதினெட்டு. முதுகில் இருபது.
படிக்குத் துண்டு வாசிக்கத் தெரியாது.
இருபது போட்டேன்.

புவியீர்ப்பு ஆர்முடுகல் ஒன்பது தசம் எட்டு,
வசதிக்காகப் பத்து என்று எடுக்கலாமாம்.
மடுவத்திலும் வசதிக்காகத்தான் எடுத்திருப்பார்கள்.

அறுபத்து மூன்று தர பத்து தர அறுபது.
முப்பத்தேழாயிரத்து எண்ணூறு யூல்!
பெரிய எண். சந்தோசமாக இருந்தது,
மாரி பிஸ்கட் பாக்கெற்றைத் திருப்பிப் பார்க்கும்வரை.
ஒரு பிஸ்கட் இருபத்தேழு கிலோகலோரி.
யூலுக்கு மாற்றினால்
அம்மா ஏறிய மலை
அதில் மூன்றில் ஒரு துண்டு.
இரண்டாம் தரமும் செய்தேன். அதே துண்டு.

சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன்.
ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சிரித்தார்.
"தொரைக்கிட்ட சொல்லிறாத.
நாளைக்கே பிஸ்கட்ட ஒடச்சிக் குடுத்துருவாரு."
பிறகு,
"தராசுக்கிட்ட சொமையோட அரமணி நேரம் நின்னேனே,
அதுக்கு எத்தன?"

இடப்பெயர்ச்சி பூச்சியம். வேலை பூச்சியம்.
"அது இந்தப் பாடத்துல வரல்லம்மா" என்றேன்.

ஐந்தாவது மின்சாரம்.
ஒரே வயரில் ஆறு காம்பரா.
செபமாலை அக்கா கேத்தலைப் போட்டால்
எங்கள் பல்ப் ஒருமுறை கண்ணைக் கொட்டும்.
வயருக்கும் தடை உண்டு என்று
எனக்கு யாரும் நிறுவ வேண்டியதில்லை.

பல்ப் ஒன்பது வாற்று.
என்ன தோன்றியதோ,
நான்காவதின் விடையை ஒன்பதால் வகுத்தேன்.
நாலாயிரத்து இருநூறு செக்கன். எழுபது நிமிடம்.
எட்டு மணிக்குப் படிக்க உட்கார்ந்தேன்.
இப்போது எட்டு ஐம்பத்தைந்து.
இன்னும் பதினைந்து நிமிடம் மலை மிச்சம்.

ஆறாவதை முடித்தேன். ஏழாவது பிடிபடவில்லை,
கப்பி ஒன்று, கயிறு ஒன்று,
இரண்டுக்கும் நிறை இல்லையாம்.
அம்மா வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் தூங்கியிருந்தார்.

ஒன்பது ஏழு தாண்டி நாற்பத்தேழு செக்கனில்
துண்டின்படி மலை முடிந்தது.
சுவிட்சுக்குப் போன கையை எடுத்துக்கொண்டேன்.
எழுதாத இரண்டு கிலோ இன்னும் எரியவில்லை.
இரண்டு தர பத்து தர அறுபது, ஒன்பதால் வகுக்க:
இரண்டு நிமிடம், பதின்மூன்று செக்கன்.

கொப்பியை மூடிவிட்டு
ஒரு வரியும் படிக்காமல்
அவ்வளவு நேரமும் எரியவிட்டேன்.