நாலாவது பக்கம்

கோட்டைப் பூங்காவில் அகழியைப் பார்த்தபடி
ஆறு மேசை போட்டார்கள்.
நாலு பக்கமும் பெஞ்சு,
மேசையோடு சேர்த்து ஒரே சிமெண்டு வார்ப்பு.
யாரும் தூக்கிப் போய்விடக் கூடாதாம்.

நானோ வரும்போதே நாற்காலியோடு வருகிறவள்.
மேசைக்கும் எனக்கும் நடுவில்
எப்போதும் ஒரு காலி பெஞ்சு.
அதில் என் கைப்பை உட்காரும்.

ஞாயிறு மாலை. ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
ஒரே லைனில் தைத்தவர்கள் நாங்கள்.
முபீனா டிபன் கேரியரைத் திறப்பாள்,
இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வாசம் மட்டும்
என் பக்கம் வந்து சேரும்.
பேச்சு அங்கே நடக்கும்.
சிரித்து முடித்த பிறகு எஸ்தர் திரும்பி
எனக்காக இன்னொரு தரம் சொல்வாள்.
இரண்டாம் தரம் சொன்ன ஜோக்குக்கு
எப்படிச் சிரிப்பது என்று
எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

தட்டு மடியில். டீயும் மடியில்.
இடுப்புக்குக் கீழிருந்து எனக்குச் சேதி வராது.
போன மாசியில் டீ கவிழ்ந்தபோது
ஈரத்தைத் துடைத்துவிட்டு
பாலாற்றுப் பாலம் தாண்டியும்
ஆட்டோவில் பேசிக்கொண்டே போனேன்.
வீட்டில் நைட்டி மாற்றும்போது பார்த்தால்
உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம்,
யாருடைய தொடையிலோ போல.
ஆறு வாரம் கட்டு.
அதனால்தான் மேசை கேட்கிறேன்.

சித்திரையில், செடிக்குத் தண்ணீர் விடும் டேங்கர்
பின்னால் வந்து இடித்ததில்
ஐந்தாவது மேசையில் ஒரு பெஞ்சு பெயர்ந்தது.
அந்த இடைவெளியில் மெல்லச் சக்கரத்தை உருட்டினேன்.
முட்டி உள்ளே போனது.
கால்தாங்கி நடுத்தூணில் இடித்தது, போகட்டும்.
முழங்கையை ஊன்றினேன்.
வெயில் குடித்த சிமெண்டு கையைச் சுட்டது,
எனக்குத் தெரிகிற சூடு.

மூன்றாம் வாரம் வெங்கடாபதி மேஸ்திரி
புதுப் பெஞ்சை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்தார்.
நான் நகரவில்லை.
"ஆர்டர்ல நாலு கீதும்மா."
"எண்ணிப் பாருண்ணா, நாலு கீது."
விரல் விட்டு எண்ணினார்.
மூன்று பெஞ்சு. அப்புறம் என் சக்கரத்தைப் பார்த்தார்.
மறுபடியும் முதலில் இருந்து எண்ணினார்.

பில்லில் நாலு என்றுதான் எழுதியிருப்பார்.
புதுப் பெஞ்சு இப்போது வேப்பமரத்தடியில்,
அதன்மேல் ஒரு நாய்.
தரையில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளை மட்டும்
டயரில் குத்தாதபடி
மடக்கி அடித்துவிட்டுப் போனார்.

"மீதி அஞ்சு மேசைக்கும்
அந்த டேங்கர்காரரையே கூப்பிடலாமா?"
என்றாள் முபீனா, கத்திரிக்காயை எடுத்து வைத்தபடி.

சிரித்தோம்,
மூன்று பேரும் ஒரே நேரத்தில்.