நோட்டின் கடைசிப் பக்கம்

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன்.
மேலே மூன்று பெயர்.
பக்கவாட்டில் மூன்று சொல்: மூச்சு, மழை, மேடுபள்ளம்.
கடைசிச் சொல்லுக்குப் பேப்பரில் வேறு பெயர் உண்டு.
எர்ணாவூரில் மேடு என்றால்
டிசம்பரில் தண்ணீர் ஏறாத வீடு.

என்னிடம் ஒரு நெபுலைசர் இருக்கிறது.
மகனுக்குத் தவணையில் வாங்கியது.
அவன் வளர்ந்து ஒரகடம் கம்பெனிக்குப் போனபின்
தெருவுக்கு ஆகிவிட்டது.
ராத்திரி ஒரு மணிக்குக் கதவு தட்டினால்
திருடன் என்று நினைப்பதில்லை நான்.
யார் பிள்ளை என்றுதான் கேட்பேன்.

ஆகவே வந்தவர்களிடமும் அதையே கேட்டேன்:
"ராத்திரி ஒரு மணிக்குப் புள்ளைக்கு மூச்சு முட்டினா
எங்க போறது?"

வேதாசலம், இரண்டு முறை கவுன்சிலர்,
கழுத்து மாலையை ஒரு கையால் விலக்கிச் சொன்னார்:
"ஸ்டான்லி இருக்குதேம்மா."
இருக்கிறது.
கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நிற்கிற சாலையின்
அந்த முனையில் இருக்கிறது.
மழைக்கு? "வடிகால் போட்டாச்சு, பாரு."
பார்த்தேன்.
எங்கள் வாசலைவிட ஒரு முழம் உயரத்தில் போகிறது வடிகால்.
தெருத் தண்ணீர் அதில் போய்ச் சேர
படிக்கட்டுதான் கட்ட வேண்டும்.
மேடுபள்ளம்? "என் வார்டுல எல்லாரும் ஒண்ணு."
அப்படியே எழுதிக்கொண்டேன்.

குப்புராஜ் வீட்டுக்கு ஒரு வேப்பங்கன்று கொடுத்தார்.
"சாம்பல் மண்ணுல வராதுங்க" என்றேன்.
"வரும்கா, எங்க வீட்ல ஜம்முனு வந்திருக்கே."
அவர் வீடு இப்போது அண்ணா நகரில்.
ஓட்டு மட்டும் இங்கே.
மூன்றாவது சொல்லை அவரிடம் கேட்கவில்லை.

ஜெனிட்டா சுயேச்சை. சின்னம் குழாய்.
லாரிக்குக் காத்திருந்த குடங்களுக்குப் பின்னால்
யாரோ சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.
"தெருவுக்கு ஒரு மெஷின் வெச்சு காத்தை அளக்கணும்."
அளந்து?
"அளந்தாதாங்க்கா சண்டை போட முடியும்."
நல்ல பதில்தான்.
ஆனால் மொட்டைமாடிக் கொடியில்
பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை
பத்து வருஷமாக அளந்துகொண்டுதான் இருக்கிறது.
மழைக்கு என்ன என்றேன்.
யோசித்தாள். "தெரியலக்கா."
அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவதென்று
எனக்கும் தெரியவில்லை.

வியாழக்கிழமை ராத்திரி ரோஷிணி வந்தாள்,
மூன்று வயது, அம்மா தோளில்.
அப்பாவுக்குத் துறைமுகத்தில் நைட் ஷிப்ட்.
மருந்தை ஊற்றி மாஸ்கை மாட்டினேன்.
கரண்டு போனது.
புகைபோக்கியின் சிவப்பு விளக்கு மட்டும்
சிமிட்டிக்கொண்டிருந்தது.
இங்கேதான் செய்கிறார்கள் கரண்டை.
ஊருக்கே அனுப்புகிறார்கள்.

தெருமுனையில் வேதாசலத்தின் மைக்செட் ஆட்டோ.
உள்ளே கொடிகளைப் போர்த்தித் தூங்கிய டிரைவர் எட்டியப்பன்
எதுவும் கேட்காமல் இன்வர்ட்டரைத் தட்டினான்.
நெபுலைசர் உறுமியது.
மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.
குழந்தையின் இழுப்பு
ஆட்டோ மேலிருந்த இரண்டு கூம்பு வழியாக
தெரு முழுக்கக் கேட்டது.
பத்து மணிக்குமேல் பிரச்சாரம் கூடாதென்பது விதி.
ஜன்னல்கள் திறந்தன.
யாரும் அதட்டவில்லை.
இழுப்பு, விசில், இழுப்பு,
பிறகு கொஞ்சம் கொஞ்சமாக
வெறும் மூச்சு.
அதுவரை நின்றுகொண்டே கேட்டார்கள்.

காலையில் நோட்டைத் திறந்தேன்.
பால்காரர் பாக்கி நூற்றிப் பன்னிரண்டு.
மூச்சு என்ற வரியில்
எட்டியப்பனின் இன்வர்ட்டரை
யார் பெயருக்கு நேராக எழுதுவது?
வாடகை யார் கொடுத்தது என்று
முதலில் விசாரிக்க வேண்டும்.