கேள்வி எண் ஏழு

பட்டர்வொர்த் படகுத்துறை.
இன்னும் விடியவில்லை.
நாளுக்குத் தொண்ணூறு வெள்ளி சம்பளம்,
எலுமிச்சை நிறத்தில் ஒரு மேற்சட்டை,
மழைக்கு உறை போட்ட டேப்லட்.
ஆளுக்கு மூன்று நிமிடம்தான்
என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கிருந்து வருகிறீர்கள்.
எங்கே போகிறீர்கள்.
எத்தனை வண்டி மாறினீர்கள்.

மீன்பெட்டியோடு நின்ற கூ
தாடையால் தீவைக் காட்டினார்.
நேப்பாளத்துப் பையன் கம்பெனி அட்டையை நீட்டினான்.
சட்டை போட்டவர் கேள்வி கேட்டால்
அட்டையைத்தான் நீட்ட வேண்டும் என்று
யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

பிறகு திலகேஸ்வரி.
புக்கிட் தம்புன். வயது நாற்பத்தாறு.
பாயான் லெப்பாசில் ஒரு சில்லுத் தொழிற்சாலை,
சில்லுப் பக்கம் அல்ல, கேன்டீன்.
மகனின் மோட்டாரில் சிம்பாங் அம்பாட்,
அங்கிருந்து ரயில்,
ரயில் விட்டுப் படகு, படகு விட்டு பஸ்,
பஸ் விட்டபின்
கோடு போடாத பெருஞ்சாலையில்
கையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓட்டம்.
"அதையும் வண்டின்னு சேத்துக்குவீங்களா?"
டேப்லட்டில் மூன்றுக்குப் பிறகு
'மூன்றுக்கு மேல்' மட்டும்தான்.

"எங்க ஆத்துமுனையில நின்னா
ரெண்டாவது பாலம் கண்ணுக்கு நேரா தெரியும்.
அந்தக் கோடியில எங்க கேன்டீன் வெளிச்சம்
இதுதான்னு கைகாட்டுவேன்.
ஆனா பாலத்துக்கு
டயர் வெச்ச ஆளுங்கதான் வேணும்."

தெற்கே இருப்பவள் வடக்கே ஏறி
கடல் தாண்டி
மறுபடி தெற்கே இறங்குகிறாள்.
தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்போம்.
இவள் தினமும் தொடுகிறாள்,
கார்டு அடிக்கும் நேரத்துக்குள்.

பயிற்சி நாளில் ஹஃபிஸ் சுவரில் வரைபடம் காட்டினார்.
வரப்போகும் ரயிலுக்கு ஊதா.
வருவதாகச் சொல்லும் பஸ்ஸுக்குச் சாம்பல்.
காத்திருக்கும் ஒரு நிமிடம்
ஓடும் இரண்டு நிமிடத்துக்குச் சமம் என்று
ஒரு சூத்திரமும்.
யாரும் மறுக்கவில்லை. மதியம் பிரியாணி இருந்தது.

கேள்வி எண் ஏழு:
விரைவான வேறு வழி வந்தால்
படகை விடுவீர்களா?
இல்லை என்றால் ஏன்?

"விட்டுருவேன். இன்னைக்கே."
சொல்லிவிட்டு நடந்தவள்
டிக்கெட் தடுப்பு வரை போய்த் திரும்பி வந்தாள்.
"அத எழுதிட்டீங்களா?
ரயில்ல நிக்கத்தான் எடம்.
பஸ்ல அதுவும் இல்ல.
கேன்டீன்ல உக்காந்தா சூப்பர்வைசர் பாப்பான்.
நாலு மணிக்கு எந்திரிச்சா
நான் உக்கார்றது இந்தப் படகுல மட்டும்தான்."
"அப்ப என்ன எழுதறது?"
"உக்கார. அவ்ளோதான்."

'மற்றவை'க்குள் தமிழ் எழுத்து ஏறவில்லை.
மலாயில் தட்டினேன்: டுடோக்.

சாயங்காலம் ஹஃபிஸ் அழைத்தார்.
குடியிருப்பு கேள்வி ஒன்றில் இருக்கிறதே,
ஏழில் ஏன் மறுபடி?
கடலில் யார் குடியிருக்கிறார்கள்?
அவர் மொழியில் உட்கார்வதற்கும்
வசிப்பதற்கும் அதே சொல்தான்.
என் மொழியில் மட்டும் என்ன,
'இரு' என்றால்
அமரச் சொல்கிறோமா, காத்திருக்கச் சொல்கிறோமா,
உயிரோடு கிடக்கச் சொல்கிறோமா.
இதையெல்லாம் போனில் சொல்ல முடியாது.
தப்பென்றால் அழித்துவிடுங்கள் என்றேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு பேரைக் கேட்டிருந்தேன்.
என்னை யாரும் கேட்கவில்லை.
முதல் ரயிலுக்கு முன்பே வேலை தொடங்குவதால்
மச்சானின் மோட்டாரை இரவல் வாங்கி வந்தவன் நான்,
எண்ணெய் என் செலவு.

மறுநாள் தீவுக்கரையில் போட்டார்கள்.
படகு வந்து ஒட்டியது.
கயிறு கட்டும் முன்பே
கூட்டம் வாசலை அடைத்துவிட்டது.
எல்லோரும் இறங்கும்வரை
ஜன்னலோரம் ஒரு தலை அசையவே இல்லை.
பிறகு எழுந்தாள்,
பையைத் தோளில் மாட்டினாள்,
என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல்
ஓடத் தொடங்கினாள்.

பஸ் ஏற்கெனவே உறுமிக்கொண்டிருந்தது.